குடல்வாழ் பற்றீரியாக்களின் எதிர்ப்பொருள்: அதனை ஆய்வுகூடத்திற் காணும் நெறி

ஓர் ஊரிலே குடிகள் நெருங்கி வாழுமிடத்து, நிலத்தின் பொருட்டும் நீரின் பொருட்டும் வழக்கு எழுதல் இயல்பு. கதியால் ஒன்று அரை முழம் தள்ளி நடப்பட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறிய குடும்பங்களை அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. மனிதனுடைய குடலும் அத்தகையதோர் ஊரே. வளர்ந்த ஒருவனுடைய உடலில் ஏறத்தாழ 38 இலட்சங் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன என 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த கணிப்பொன்று கூறுகின்றது. அவற்றுட் பெரும்பாலானவை பெருங்குடலிலேயே உள்ளன. அவையனைத்தையும் ஒருங்கு சேர்த்து நிறுத்தாற் கால் கிலோவுக்குங் குறைவாகவே நிற்கும். எண்ணிக்கையிலோ உடலின் சொந்தக் கலங்களுக்கு ஏறக்குறைய ஒப்பாகும். இத்துணை நெருக்கத்தில் வாழும் உயிர்கள் இடத்துக்கும் உணவுக்கும் போரிடாமல் இரா. அப்போரில் அவை வழங்கும் படைக்கலங்களுள் ஒன்று, அயலிலுள்ள பிற பற்றீரியாக்களைக் கொல்லும், அல்லது அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும் இரசாயனப் பொருள். அதனையே இக்கட்டுரையில் எதிர்ப்பொருள் என்கின்றோம்.

அப்பொருள் உண்டென்பதை ஆய்வுகூடத்தில் எங்ஙனம் காண்கின்றனர்? கண்டது அதுவே என எங்ஙனம் துணிகின்றனர்? இவ்விரு வினாக்களுமே இப்பாடத்தின் பொருளாவன. முதல் வினாவுக்கு விடை எளிது. ஒரு கிண்ணமும் ஓரிரவும் போதும். இரண்டாம் வினாவே கற்போரின் பொறுமையைச் சோதிப்பது. யாம் ஈண்டு மிகுதியுங் கூறப் புகுவதும் அதனையே.

தமிழாசிரியர் இப்பொருள்பற்றி எழுதுவது சிலர்க்கு வியப்பாகலாம். அறிவியல் வகுப்பில் வழங்குஞ் சொற்களுக்குப் பொருள் கேட்டு மாணவர் எம்மிடம் வருதல் வழக்கம். சொல்லை விளக்கப் புகுவோர் அச்சொல் குறிக்கும் பொருளின் இயல்பையும் அறிதல் வேண்டும். அவ்வழியாற் கற்றவற்றை முறைப்படுத்தி இம்மலரில் வைக்கின்றோம். இத்துறையில் வல்ல பழைய மாணவர்க்கு இதிற் புதியன சிலவே. ஏனையோர்க்கும் இளைஞர்க்கும் பயன்படுமென நம்புகின்றோம்.

வரலாறு

குடல்வாழ் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த முன்னோருள் ஒருவர் தியோடர் எசரிக் என்னும் மருத்துவர். அவர் குழந்தைகளின் மலத்திற் கண்ட கோலுருவான பற்றீரியாவொன்றை 1885 இல் விளக்கினார். அஃது இன்று அவர் பெயரால் எசரிக்கியா கோலை என வழங்குகின்றது. நோய் செய்யாமல் நம் குடலில் வாழும் வகைகளும், கொடிய வயிற்றோட்டத்தை விளைக்கும் வகைகளும் இவ்வினத்தில் உள்ளன.

முதலாம் உலகப் போர்க் காலத்திலே செருமானிய மருத்துவர் அல்பிரெட் நிசில், வயிற்றோட்டம் பரவிய போர்முனையில் நோய்க்குத் தப்பிய படைவீரன் ஒருவனுடைய மலத்தினின்றும் எசரிக்கியா கோலை வகையொன்றை 1917 இற் பிரித்தெடுத்தார். தோழர் பலர் நோயுற, இவன் ஒருவன் தப்பியமைக்கு இவன் குடலில் வாழ்ந்த பற்றீரியா காரணமாகலாம் என்பது அவர் கருத்து. முள்ளை முள்ளால் எடுக்கும் வழி அது. அவ்வகை எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றது என்பது பல்லாண்டு கழித்தே தெளிவாயிற்று.

எதிர்ப்பொருளை முதலில் ஐயமறக் காட்டியவர் பெல்சிய நாட்டு அறிஞர் அந்திரே கிறாசியா ஆவர். எசரிக்கியா கோலையின் ஒரு வகை, அதே இனத்தின் இன்னொரு வகையை வளரவொட்டாமல் தடுப்பதை அவர் 1925 இற் கண்டார். தடுக்கும் பொருள் வெப்பத்தைத் தாங்கியது. பற்றீரியா கடக்கவொண்ணாத செலோபேன் தாளையுங் கடந்து பரவியது. எனவே, கொன்றது பற்றீரியாவின் உடலன்று, அது வெளியிட்ட பொருளே என்பது புலனாயிற்று. கிறாசியாவும் அவருடன் உழைத்த பியர் பிரெடரிக்கும் 1946 இல் இத்தகைய பொருள்களுக்குக் கொலிசின் எனப் பெயரிட்டனர். கோலைப் பற்றீரியாக்களில் மட்டுமன்றிப் பிறவற்றிலும் இவைபோன்ற புரதங்கள் காணப்பட்டமையால், பிரான்சுவா சாக்கோப் முதலியோர் 1953 இற் பற்றீரியோசின் என்னும் பொதுப்பெயரை வழங்கினர். கிறாசியா முதலிற் கண்ட பொருள் உருவிற் சிறிதாதலின், இந்நாளில் அதனை மைக்கிரோசின் என்னுஞ் சிறு புரத வகுப்பிற் சேர்த்துள்ளனர்.

கிண்ணமும் களியும்

பற்றீரியாக்களின் போரைக் கண்ணாற் காண்பதற்கு ஒரு போர்க்களம் வேண்டும். அக்களம், யூலியசு றிச்சாட் பெத்திரி 1887 இல் விளக்கிய மூடியுடைய தட்டைக் கிண்ணமும், அதனுள் ஊற்றி உறையவிடும் ஏகார்க் களியுமாம்.

ஏகார் என்பது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள். புத்தளம், திருகோணமலை முதலிய இடங்களின் ஆழங்குறைந்த கடலில் வளரும் ‘இலங்கைப் பாசி’யும் அதனைத் தரும் இனங்களுள் ஒன்று. முற்காலத்தில் ஆய்வாளர் செலற்றின் களியை வழங்கினர். அது 37 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகிவிடும். அதனைத் தின்று நீராக்கும் பற்றீரியாக்களும் உள. 1881 இல் ஏகாரை வழங்கலாமெனக் கூறியவர் பனி எசே என்னும் பெண்மணி. அவர் தம் வீட்டில் பழக்களி செய்வதற்கு ஏகாரை வழங்கியவர். அவர் கணவர் உறோபேட்டுக் கொக்கின் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். அடுக்களை அறிவு ஆய்வுகூடத்துக்கு உதவிய நிகழ்ச்சி இது.

ஏகார் ஏறத்தாழ 85 பாகைக்கு மேலேயே உருகும். உருகியபின் 40 பாகைக்கு அண்மையில் வரும்வரை உறையாது. ஆகவே, 45 பாகை வெப்பத்தில் இளகியிருக்கும் ஏகாரிலே உயிருள்ள பற்றீரியாவைக் கலந்து, அது சாகாமலே ஊற்றி உறையவைக்கலாம். அடுத்துக் கூறும் சோதனை இவ்வியல்பு ஒன்றனாலேயே இயல்வதாயிற்று.

மேற்படைச் சோதனை

இச்சோதனைக்கு இரு தரப்பினர் வேண்டும். எதிர்ப்பொருளை ஆக்குமென ஐயுறும் பற்றீரியா ஆக்கி எனப்படும். அதனால் தாக்குண்ணுமெனக் கருதும் பற்றீரியா காட்டி எனப்படும். காட்டி இறந்தால் ஆக்கியின் படைக்கலம் வெளிப்படும் என்பது கருத்து.

முதலாவதாக, ஏறத்தாழ 1.5 வீதம் ஏகார் சேர்த்த ஊட்டக்களியைக் கிண்ணத்தில் உறையவைத்து, அதன்மேல் ஆக்கியைச் சிறு புள்ளிகளாக இட்டு, 37 பாகையில் ஓரிரவு வளர்த்தல் வேண்டும். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குடியேற்றமாகத் திரளும். அது சுரக்கும் பொருள் களியினுள்ளே சுற்றிலும் ஊறிப் பரவும்.

இரண்டாவதாக, அக்குடியேற்றங்களைக் குளோரோபோம் ஆவியால் 30 நிமிட நேரங் கொல்லுதல் வேண்டும். ஆக்கி உயிருடன் இருந்தால் மேற்படையிலும் பரந்து வளர்ந்து காட்சியைக் கெடுக்கும். இங்கே கண்ணாடிக் கிண்ணமே தக்கது. இக்காலத்துப் பிளாத்திக்குக் கிண்ணங்களைக் குளோரோபோம் கரைத்துவிடும். கொன்றபின் மூடியைத் திறந்து ஆவி முற்றும் அகலவிடுதல் வேண்டும். எஞ்சிய ஆவி காட்டியையுங் கொன்று ஆய்வாளரை ஏமாற்றும்.

மூன்றாவதாக, 0.7 வீதம் ஏகார் கொண்ட இளங்களியை உருக்கி, 45 பாகைக்கு ஆற்றி, அதிற் காட்டியைக் கலந்து, முன்னைய களியின்மேல் மெல்லிய படையாக ஊற்றுதல் வேண்டும். உறைந்தபின் மீண்டும் ஓரிரவு 37 பாகையில் வைத்தல் வேண்டும்.

மறுநாட் காலையில் நோக்கின், காட்டி வளர்ந்த மேற்படை புற்றரை போல எங்கும் மங்கலாகத் தோன்றும். எதிர்ப்பொருளைச் சுரந்த குடியேற்றத்தைச் சூழ்ந்த இடம் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்து வட்டமாக இருக்கும். அதுவே தெளிவளையம். வளையத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து குறிப்பர்.

இதனின் வேறானதொரு முறையும் உண்டு. ஆக்கியைத் திரவ ஊடகத்தில் வளர்த்து, மையநீக்கப் பொறியிற் சுழற்றிக் கலங்களை அடியிற் படியச் செய்து, மேலே நிற்கும் தெளிநீரை 0.22 மைக்கிரோமீற்றர் துளையுடைய வடியில் வடித்தெடுப்பர். இத்துளையிற் பற்றீரியா நுழையாது. காட்டி கலந்து உறைந்த களியில் ஐந்தாறு மில்லிமீற்றர் விட்டமுள்ள கிணறுகளை வெட்டி, அத்தெளிநீரை அவற்றுள் நிரப்பி வளர்ப்பர். கிணற்றைச் சுற்றி வளையம் தோன்றினால், உயிர்க்கலம் இன்றியே தெளிநீர் தன்னளவிற் கொல்லும் ஆற்றலுடையது என அறியலாம்.

வெளுத்ததெல்லாம் பாலன்று

வளையத்தைக் கண்டவுடன் எதிர்ப்பொருளைக் கண்டேன் என ஆர்ப்பரித்தல் ஆகாது. வெளுத்ததெல்லாம் பாலன்று என்பது நம் முன்னோர் மொழி. இதே வளையத்தை விளைக்க வல்ல பிற காரணங்கள் குறைந்தது நான்கு உள.

ஒன்று, அமிலம். பாலைத் தயிராக்கும் பற்றீரியாக்களும் அவற்றின் குடல்வாழ் உறவினரும் வெல்லத்தைச் சிதைத்து இலக்றிக்கமிலத்தை ஆக்குகின்றன. புளிப்பு மிகுந்த களியிற் காட்டி வளராமைக்கு அப்புளிப்பே போதும்.

இரண்டு, ஐதரசன் பேரொட்சைட்டு. ஒட்சிசன் உள்ளவிடத்திற் சில பற்றீரியாக்கள் இதனை வெளியிடும். புண்ணைக் கழுவ வழங்கும் பொருளே இது; காட்டியைக் கொல்லுதலில் வியப்பில்லை.

மூன்று, பற்றீரியத்தின்னி என்னும் வைரசு. ஆக்கியின் கலத்துள் மறைந்திருந்த வைரசு வெளிப்பட்டுக் காட்டியைத் தின்றழிக்குமாயின் அவ்விடமுந் தெளிந்தே தோன்றும். இதன் உரு 0.22 மைக்கிரோமீற்றர் துளையினுஞ் சிறிதாதலின் வடியும் இதனைத் தடுக்காது.

நான்கு, பட்டினி. ஆக்கி முந்தி வளர்ந்து களியிலுள்ள ஊட்டத்தை உண்டு தீர்த்துவிட்டால், பிந்தி வந்த காட்டி உணவின்றி வளராதொழியும். அங்கே நஞ்சு யாதும் இல்லை.

தமிழ் கற்கும் மாணவர் இவ்விடத்தில் மணிமேகலையின் 29 ஆங் காதையை நினைவுகூரலாம். அக்காதை போலி ஏதுக்களை வகுக்குமிடத்து, அநைகாந்திகம் என ஒன்றைக் கூறும். துணியவேண்டிய பொருள் உள்ளவிடத்தும் அஃது இல்லாதவிடத்தும் ஒருங்கே காணப்படும் ஏதுவைக் கொண்டு அப்பொருளைத் துணியலாகாது என்பது அதன் கருத்து. புகை நெருப்புக்கு ஏதுவாவது, நெருப்பில்லாவிடத்துப் புகை இல்லாமையால். தெளிவளையமோ எதிர்ப்பொருள் உள்ளவிடத்தும் தோன்றும். அமிலம் மட்டும் உள்ளவிடத்தும் தோன்றும். ஆகவே வளையம் தனித்து நின்று எதனையும் நாட்டாது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைத்ததாகக் காப்பியங் கூறும் அளவைப் பாடம், இற்றை நுண்ணங்கி ஆய்வுகூடத்தின் வாயிலில் எழுதிவைக்கத் தக்கதாக உள்ளது.

ஐயமறுக்கும் சோதனைகள்

மேற்கூறிய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குவதே அடுத்த பணி.

அமிலத்தை விலக்க, தெளிநீரிற் சோடியமைதரொட்சைட்டுச் சேர்த்து நடுநிலைக்குக் கொணர்ந்து மீண்டுஞ் சோதிப்பர். வளையம் மறைந்தால் அது புளிப்பின் வேலை. நிலைத்தால் வேறொரு பொருள் உண்டு. வெல்லங் குறைந்த களியில் ஆக்கியை வளர்த்தலும் ஓர் உபாயம்.

ஐதரசன் பேரொட்சைட்டை விலக்க, அதனை நீராகவும் ஒட்சிசனாகவுஞ் சிதைக்கும் கற்றலேசு என்னும் நொதியத்தைச் சேர்ப்பர். ஒட்சிசன் அற்ற பேழையில் வளர்த்தாலும் அப்பொருள் தோன்றாது. குடல்வாழ் பற்றீரியாக்களுட் பல ஒட்சிசனைத் தாங்காதவையாதலின், அவற்றுக்கு அப்பேழை எவ்வாற்றானும் வேண்டப்படுவதே.

வைரசை விலக்கும் முறை நயமானது. தெளிநீரைப் படிப்படியாக ஐதாக்கிக் காட்டியின்மேற் சொட்டுச் சொட்டாக இடுவர். எதிர்ப்பொருளாயின், ஐதாக ஐதாகச் சொட்டு விழுந்த இடம் முழுவதும் ஒரு சீராக மங்கிக்கொண்டே போய் மறையும். வைரசாயின், ஐதான நிலையிலே தனித்தனிப் பொட்டுகளாகத் தெளிவு தோன்றும். ஒவ்வொரு பொட்டும் ஒரு வைரசு பெருகிய இடம். மேலும், தெளிந்த இடத்தைச் சுரண்டி எடுத்துப் புதிய கிண்ணத்திலும், அதிலிருந்து மற்றொன்றிலுமாக மாற்றிச் செல்லின், வைரசு வித்துப் போலத் தான் பெருகும். எதிர்ப்பொருளோ கரைத்த உப்புப் போலக் குறைந்து இல்லாதொழியும்.

பட்டினியை விலக்கத் தெளிநீரோடு புதிய ஊட்டஞ் சேர்த்துச் சோதிப்பர். ஆக்கியையே காட்டியாகவும் வைத்துப் பார்ப்பர். எதிர்ப்பொருளை ஆக்கும் பற்றீரியா, தன் நஞ்சு தன்னைத் தாக்காதிருத்தற்கு ஒரு காப்புப் புரதத்தையும் உடன் ஆக்குகின்றது. ஆதலின், தன்னினத்தைச் சாராத காட்டிமேல் வளையம் தோன்றித் தன்மேல் தோன்றாதொழிதல் நல்ல அறிகுறி. பட்டினியாயின் தனக்கும் பிறர்க்கும் ஒன்றே.

இத்தனையும் விலக்கியபின், எஞ்சி நிற்பது புரதமா என வினவுதல் வேண்டும். அதற்குப் புரதத்தை அறுக்கும் திரிச்சின் முதலிய நொதியங்களை வழங்குவர். மேற்படை ஊற்றுமுன் ஆக்கியின் குடியேற்றத்துக்கு அருகே ஒரு சொட்டு நொதியம் இட்டால், அப்பக்கத்து எதிர்ப்பொருள் மட்டும் சிதைந்துபோகும். மறுநாள் வளையம் முழுநிலவாக அன்றிப் பிறை வடிவமாகத் தோன்றும். அப்பிறையைக் காணும் மாணவன் கொலிசினின் இயல்பை எளிதில் மறவான்.

இச்சோதனைகள் ஒவ்வொன்றோடும் ஒப்புச் சோதனை ஒன்று கட்டாயம் வேண்டும். நொதியத்தை மட்டும் இட்ட கிணறு, ஊடகத்தை மட்டும் இட்ட கிணறு ஆகியவற்றில் வளையம் தோன்றலாகாது. இவை இல்லாத பரிசோதனை, எதிர்வழக்காளியை அழையாது தீர்ப்பளித்த மன்றை ஒக்கும்.

அளத்தல்

எதிர்ப்பொருள் உண்டெனத் துணிந்தபின் எவ்வளவு உண்டென அளப்பர். தெளிநீரை 2, 4, 8, 16, 32, 64 மடங்கென இரட்டித்து ஐதாக்கி, ஒவ்வொன்றிலும் 10 மைக்கிரோலீற்றரைக் காட்டியின்மேற் சொட்டுவர். தெளிவு தோன்றும் இறுதி ஐதாக்கம் 64 மடங்கு எனக் கொள்வோம். ஒரு மில்லிலீற்றரில் 10 மைக்கிரோலீற்றர்ச் சொட்டுகள் 100 உள. 100 ஐ 64 ஆற் பெருக்க 6400 வரும். எனவே அத்தெளிநீர் மில்லிலீற்றர் ஒன்றுக்கு 6400 அலகு வலிமை உடையது. இவ்வலகு காட்டியைப் பொறுத்ததாதலின், காட்டி மாறினால் எண்ணும் மாறும். எந்தக் காட்டி, எந்த ஊடகம், எத்துணை வெப்பம் என்பவற்றைக் கூறாது எண்ணை மட்டுங் கூறுதல் பயனின்று.

வளையம் இன்மை பொருளின்மை ஆகாது

வளையம் தோன்றினால் ஐயுறுதல் போலவே, தோன்றாதவிடத்தும் ஐயுறுதல் வேண்டும்.

எதிர்ப்பொருளின் கொலைத்தொழில் பூட்டும் திறப்பும் போன்றது. காட்டியின் மேற்றோலில் உரிய வாயில் இருந்தாலன்றிக் கொலிசின் உள்ளே புகாது. புகுந்தபின் ஒரு வகை மென்சவ்விலே துளையிடும். மற்றொரு வகை பரம்பரைப் பொருளான டி.என்.ஏ.யை வெட்டும், ஈ 3 என்னுங் கொலிசின் புரதம் ஆக்கும் உறுப்பாகிய இறைபோசோமைச் சிதைக்கும். வாயில் இல்லாத காட்டியைத் தெரிந்தெடுத்தவர், வலிய எதிர்ப்பொருளையும் இல்லையென்றே எழுதுவர். ஆதலின் ஒன்றன்று, பல காட்டிகளை வைத்துச் சோதித்தல் முறை.

கொலிசினை ஆக்கும் கலங்கள் அதனை எந்நாளுஞ் சுரப்பதில்லை. கூட்டத்துட் சில கலங்களே, தம் டி.என்.ஏ.க்கு ஊறு நேர்ந்த காலத்தில் அதனை ஆக்கும். ஆக்கிய பெரும்பாலான கலங்கள் வெடித்து இறந்தே அதனை வெளிவிடும். எஞ்சிய சுற்றத்தார் வாழ்வர். ஆகவே ஆய்வாளர் மைற்றோமைசின் என்னும் மருந்தையோ புறவூதாக் கதிரையோ சிறிதளவு செலுத்தி ஆக்கியைத் தூண்டுவர்.

உறுமினோகொக்கசு என்னுங் குடல்வாழ் பற்றீரியா ஆக்கும் எதிர்ப்பொருளொன்று 2001 இல் விளக்கப்பட்டது. குடலிற் சுரக்கும் திரிச்சின் நொதியம் ஊடகத்தில் இருந்தாலன்றி அதனை அப்பற்றீரியா ஆக்குவதில்லை. குடலின் சூழலைக் கிண்ணத்தில் அமைக்காதவர் அதனைக் கண்டிரார். இலற்றோபசிலசு உறியூற்றரி என்பது கிளிசரோலிலிருந்து ஆக்கும் உறியூற்றரின் என்னும் பொருள் புரதமே அன்று. கிளிசரோல் இல்லையாயின் அதுவுந் தோன்றாது. தோன்றியபின் புரதமறுக்கும் நொதியம் அதனைத் தீண்டாது. ஆர்சென்றீனா நாட்டில் ஒரு குழந்தையின் மலத்திலிருந்து பெற்ற கோலைப் பற்றீரியா ஆக்கும் மைக்கிரோசின் ஒன்று 1992 இல் விளக்கப்பட்டது. 21 அமினோவமிலங்களாலான அச்சிறு பொருள், தன் வாலைத் தன் வளையத்துள் நுழைத்துச் சுருக்குக் கயிறு போல முடிந்திருத்தலால், புரதமறுக்கும் நொதியங்கள் பலவற்றுக்குத் தப்பிவிடுகின்றது. புரதமாயிருந்தும் புரதச் சோதனைக்கு அகப்படாதது இது.

இற்றைநாளில் பற்றீரியாவின் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து, எதிர்ப்பொருளுக்குரிய மரபணு உண்டா எனக் கணினியில் தேடுகின்றனர். பிரித்தெடுத்த பொருளின் மூலக்கூற்றுத் திணிவை நுண்கருவியால் அளந்து மரபணுவோடு ஒப்பிடுகின்றனர். ஆயினும் மரபணு உண்மை, பொருள் ஆக்கப்படுதலைக் காட்டாது. வீட்டில் வாள் இருத்தல் வேறு, அதனை வீசுதல் வேறு. இறுதிச் சான்று இன்றும் காட்டியின் இறப்பே.

கிண்ணத்திலிருந்து உடலுக்கு

இவ்வளவு நுணுகி ஆராய்வது எதன் பொருட்டு? நுண்ணுயிர்கொல்லி மருந்துகளை உலகம் அளவிறந்து வழங்கியதன் பயனாக, அவற்றுக்கு அஞ்சாத பற்றீரியாக்கள் பெருகிவிட்டன. 2019 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இத்தகைய எதிர்ப்புற்ற பற்றீரியாக்களாலேயே நேரே உயிரிழந்தனர் என உலகளாவிய கணிப்பொன்று கூறுகின்றது. புதிய மருந்துகள் வேண்டும். அவையும் நோய்ப் பற்றீரியாவை மட்டுங் கொன்று, குடலின் நற்குடிகளை விட்டுவைப்பனவாதல் நன்று.

2010 இல் அயர்லாந்து ஆய்வாளர், மனித மலத்திலிருந்து பெற்ற ஒரு பற்றீரியாவில் தூரிசின் சி.டி. என்னும் எதிர்ப்பொருளைக் கண்டனர். மருத்துவமனைகளில் முதியோரை வருத்தும் குளோசுத்திரிடியம் டிபிசில் என்பதனை அது கொல்லும். அடுத்த ஆண்டில், பெருங்குடலைப் போல அமைத்த செயற்கைக் கலத்தில், ஏனைய குடிகளைப் பெரிதுங் குலைக்காமலே அது அப்பகையை அழித்தமை காட்டப்பட்டது.

கிண்ணத்திற் கொல்வது உடலுட் கொல்லுமா? இரைப்பையின் அமிலமும் குடலின் நொதியங்களும் அதனைச் சிதைக்கலாம். இவ்வினாவுக்கு விடைகூறிய சிறந்த பரிசோதனையொன்று 2007 இல் வெளிவந்தது, அதுவும் அயர்லாந்தினதே. மனிதக் குடலிலிருந்து பெற்ற இலற்றோபசிலசு வகையொன்றை எலிகளுக்கு ஊட்டி, பின்னர் லிசுத்தீரியா என்னும் நோய்ப் பற்றீரியாவைச் செலுத்தினர். எலிகள் காக்கப்பட்டன. எதிர்ப்பொருளை ஆக்கும் மரபணு மட்டுங் குலைக்கப்பட்ட அதே வகையை ஊட்டியபோது எலிகளுக்குக் காப்பில்லை. அவ்வெதிர்ப்பொருளைத் தடுக்கும் காப்புப் புரதத்தை லிசுத்தீரியாவுக்குக் கொடுத்துச் செலுத்தியபோதும் காப்பில்லை. உளதாயின் உளதாதலும் இலதாயின் இலதாதலும் ஆகிய அந்நுவயம், வெதிரேகம் இரண்டும் இங்கே நிரம்பின. நம் அளவை நூலார் வேண்டும் முடிபு இதுவே.

இப்படியொரு முடிபு ஒவ்வொரு பற்றீரியாவுக்கும் கிடைத்திலது. ‘நல்ல பற்றீரியா நிறைந்தது, நோயைக் கொல்லும்’ எனக் கூறிப் பொதிகளும் புட்டிகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குமுன் நம் மாணவர் கேட்கவேண்டியவை மூன்று. கொல்லுதலைக் கண்டது கிண்ணத்திலா, உடலிலா? அமிலமும் பிறவும் விலக்கப்பட்டனவா? அப்பொருளை நீக்கியபோது பயனும் நீங்கிற்றா? இவற்றுக்கு விடை இல்லாதவிடத்து, வளையத்தின் படம் எத்துணை அழகியதாயினும் பணத்தைப் பையிலேயே வைத்திருத்தல் நலம்.

மாணவர்க்கு ஒரு சொல்

இப்பாடத்தை வாசித்த ஆர்வத்தால், மலத்திலிருந்து பற்றீரியாவைப் பாடசாலையிலோ வீட்டிலோ வளர்க்க முயலலாகாது. எது தீங்கற்றது, எது கொடியது என்பது வளர்ந்த குடியேற்றத்தைக் கண்ணாற் பார்த்துத் தெரியாது. தக்க பேழையும் பயின்ற கையும் அழுத்தவாவியாற் கிருமியழிக்கும் கலமும் உள்ள ஆய்வுகூடத்துக்கே அப்பணி உரியது. மேற்கல்வி பெற்று அங்குச் செல்லும் நாள் உங்களுட் சிலர்க்கு வரும். இக்கல்லூரியிலிருந்து சென்ற பழைய மாணவருள் மருத்துவரும் ஆய்வுகூடத்தினரும் உளர். அவர்கள் தம் பணியின் நுட்பங்களைத் தமிழில் எழுதி இத்தகைய மலர்களுக்கு உதவுவாராயின், இளையோர்க்குப் பெரும் பயன் விளையும். சொல் வேண்டுமிடத்து யாமும் உடனிருந்து உதவுவோம்.

அதுவரையில், கிண்ணத்தில் ஒரு தெளிவளையத்தைக் காணும் மாணவன் மகிழ்க. மகிழ்ந்தபின், இஃது அமிலமோ, பேரொட்சைட்டோ, வைரசோ, பட்டினியோ என நான்கு முறை தன்னைத் தான் வினவுக. நான்குக்கும் விடை கண்டபின் எழுதுகோலை எடுக்க.

கல்லூரி நீடு வாழ்க.